படம்: நண்பர்

என் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பெயர் 'பூச்சி சார்'. உள்ளே 143 கட்டுரைகள். சிலந்தி, குளவி, சாணி உருட்டும் வண்டு, மின்மினி, மழைக்காலத்தில் மண்ணைத் துளைத்துக்கொண்டு கிளம்பும் ஈசல் என்று ஒரு மனிதர் பதினோரு வருடம் உட்கார்ந்து எழுதியவை. அவர் பூச்சியியல் படித்தவர் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு சின்ன கேமராவை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறத்தில் குப்புறப் படுத்துவிட்டார், அவ்வளவுதான். குளவி மண்கூடு கட்டுவதைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. ஒவ்வொரு மண் உருண்டைக்கும் குளவி எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்று கையில் கடிகாரத்தோடு குறித்துக்கொண்டே போகிறார். நடுவில் 'மழை வந்துவிட்டது, மீதி நாளைக்கு' என்று நிறுத்தி, மறுநாள் நிஜமாகவே அதே இடத்திலிருந்து தொடர்கிறார். இரவு மழையில் கரைந்துபோன ஒரு ஓரத்தைக் குளவி முதலில் பூசிவிட்டுத்தான் மேலே கட்டியதாம். அந்த ஒரு வரிக்காகவே அதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன்.

அவர் 2019இல் போய்விட்டார். அவர் எழுதிவந்த இணையதளத்தின் முகவரிக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது, அடுத்த வருடமே அது மூடிக்கொண்டது. பயணத்தில் படிக்கலாம் என்று நான் எப்போதோ மொத்தத்தையும் இறக்கி வைத்திருந்ததால் என்னிடம் ஒரு நகல் தங்கியது. இதைக் கேள்விப்பட்ட ஒரு ஆசிரியை, "அந்தக் குளவிக் கட்டுரையோட இன்னும் ஒரு இருபதைச் சேர்த்துச் சின்னப் புத்தகமாப் போட்டா பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமே, அச்சுச் செலவை நாங்க பாத்துக்கறோம்" என்றார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சரி என்று இறங்கினேன். வருடங்கள் ஓடிவிட்டன. புத்தகம் வரவில்லை.

யாரும் தடுக்கவில்லை. அதுதான் வேதனையே. சாரின் மனைவியிடம் பேசினேன். "அவரு இருந்தா அன்னிக்கே எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பாரு தம்பி, இதுக்கெல்லாம் எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க" என்றார். ஆனால் உயில் எதுவும் இல்லை. அப்படியென்றால் எழுத்தின் உரிமை அம்மாவுக்கு மட்டும் போகாது, மகளுக்கும் மகனுக்கும் சேர்த்துத்தான் போகும். மகள் உடனே சரி என்று மின்னஞ்சலில் எழுதிக்கொடுத்தார். மகனுக்கு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. மறுப்பு வந்திருந்தால்கூட ஒரு முடிவு கிடைத்திருக்கும். பதிலே வராத இடத்தில் நான் என்ன செய்ய? அந்தக் குடும்பத்துக்குள் என்ன நடந்தது என்று தோண்டுவதும் என் வேலை இல்லை.

இது போதாதென்று படங்கள். 38 படங்களின் கீழே 'படம்: நண்பர்' என்று போட்டிருக்கிறார். அவரோடு காலை நடைக்கு இரண்டு மூன்று பேர் வருவார்களாம், அதில் ஒருவரிடம் நல்ல கேமரா இருந்ததாம், பெயர் அம்மாவுக்கு நினைவில்லை. படத்தின் உரிமை பூச்சிக்கோ கட்டுரைக்கோ சொந்தமில்லை, எடுத்தவருக்குச் சொந்தம். அந்த நண்பர் யார், இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்பது தெரியாமல் அந்த 38 படத்தில் ஒன்றைக்கூட அச்சில் போட முடியாது.

ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் சார் ஒரு வரி எழுதியிருப்பார்: 'பிடித்திருந்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.' 143 முறை எழுதியிருக்கிறார். அவர் மனசு அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் 'சொல்லுங்கள்' என்பதை 'எடுத்து அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், வேறு படம் சேர்க்கலாம்' என்று சட்டம் படிக்காது. இன்னும் ஒரே ஒரு வரி அவர் சேர்த்திருந்தால் போதும், புத்தகம் எப்போதோ வந்திருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பலர் நினைத்துக்கொண்டிருப்பது, எங்கேயாவது பதிவு செய்தால்தான் பதிப்புரிமை வரும், அல்லது வட்டத்துக்குள் 'சி' போட்டால்தான் வரும் என்று. அப்படி இல்லை. 1886இல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கையும், எந்தச் சடங்கும் தேவையில்லை என்று சொன்ன அதன் 1908 திருத்தமும் சேர்ந்து, நீங்கள் எழுதி முடித்த நொடியிலேயே உரிமையை உங்கள் கையில் வைத்துவிடுகின்றன. கேட்டாலும் கேட்காவிட்டாலும் வரும். எழுதியவர் இறந்து குறைந்தது 50 வருடம் வரை அது நிற்க வேண்டும் என்பது உடன்படிக்கை. இந்தியாவில் 60, ஐரோப்பாவில் 70. சாரின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2019இல் இறந்தவருக்கு 60 வருடம் அடுத்த ஜனவரியிலிருந்து எண்ணப்படும். ஆக 2080 ஜனவரி 1 அன்று அந்தக் குளவிக் கட்டுரையை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அந்த ஆசிரியையின் வகுப்பில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பேரன் பேத்தி பிறந்திருக்கும்.

என் ஹார்ட் டிஸ்க் 2080 வரை ஓடுமா?

திருட்டைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். என் எழுத்தை எடுத்துவிட்டார்கள், என் படத்தைப் போட்டுவிட்டார்கள் என்று. எனக்கும் அது நடந்திருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் எடுத்துப் போட்டதால் ஒரு எழுத்து அழிந்தது என்று நான் இதுவரை கேட்டதில்லை. யாரும் எடுக்காததால் அழிந்தவைதான் எத்தனையோ. நம் பழைய நூல்களையே பாருங்கள். பனையோலை சில நூறு வருடம் தாங்கினாலே பெரிய விஷயம், அதற்குள் பூச்சி அரித்துவிடும், ஓரம் முறியும். யாராவது உட்கார்ந்து புது ஏட்டில் எழுதி எடுத்தால்தான் அடுத்த தலைமுறைக்கு நூல் உண்டு. ஐம்பெருங்காப்பியம் என்று ஐந்து பெயர்களைப் பள்ளிக்கூடத்திலேயே ஒப்பிக்கிறோம். அதில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாக இல்லை. மிஞ்சிய செய்யுள்களில் பெரும்பாலானவை கிடைத்ததற்குக் காரணம், புறத்திரட்டு என்ற தொகை நூலைச் செய்தவர் தனக்குப் பிடித்த பாடல்களைப் பல நூல்களிலிருந்து எடுத்து எழுதி வைத்தது. அவர் எழுதியது மிஞ்சியது, மற்றது போயிற்று. அந்தக் காலத்தில் அவருக்கு அனுமதிச் சிக்கல் இல்லை. பூச்சி சாரின் கட்டுரைகளை ஒருவர் இன்று அதேபோல் தொகுக்கப் போனால் முதல் அடியிலேயே நிற்க வேண்டும்.

அதற்காகப் பதிப்புரிமையே வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை. எழுத்தே பிழைப்பாக இருப்பவருக்கு அது சோறு. எனக்கு வருத்தமெல்லாம், வேண்டுபவருக்கும் வேண்டாதவருக்கும் ஒரே அளவுப் பூட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, திறக்கும் வழியை யாருக்கும் சொல்லாமல் விட்டதுதான். (தமிழில் வார்த்தைக் குழப்பம் வேறு. கண்டுபிடிப்புக்குக் கொடுக்கும் உரிமையையும் எழுத்துக்கு இருக்கும் உரிமையையும் சேர்த்துக் காப்புரிமை என்றே சொல்லிவிடுகிறோம். நான் இங்கே பேசுவது பதிப்புரிமை, அதாவது நகலெடுக்கும், வெளியிடும், மாற்றும் உரிமை.)

திறக்கும் வழியை முதலில் யோசித்தவர்கள் மென்பொருள் எழுதுபவர்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் கொண்டுவந்த ஜிபிஎல் உரிமத்தில் ஒரு அழகான யோசனை இருக்கிறது. உரிமையைத் தூக்கி எறியாதே, கையிலேயே வைத்துக்கொள், வைத்துக்கொண்டு 'யாரும் எடுக்கலாம், மாற்றலாம், ஆனால் மாற்றியதையும் இதேபோல் திறந்து வைக்க வேண்டும்' என்று நிபந்தனை போடு. பூட்டுப் போடக் கொடுத்த சட்டத்தை வைத்தே கதவைத் திறந்து வைப்பது. இதை எழுத்துக்கும் படத்துக்கும் இசைக்கும் கொண்டுவந்தது கிரியேட்டிவ் காமன்ஸ். அது பிறந்த பின்னணியும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவில் 1998இல் பதிப்புரிமைக் காலத்தை இன்னும் 20 வருடம் நீட்டினார்கள். பழைய புத்தகங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்த எரிக் எல்ட்ரெட் அதை எதிர்த்து வழக்குப் போட்டார், சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெஸ்ஸிக் வாதாடினார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2001இல் அமைப்பைத் தொடங்கி, 2002 டிசம்பரில் முதல் உரிமங்களை வெளியிட்டுவிட்டார்கள். அடுத்த மாதமே, 2003 ஜனவரியில், உச்ச நீதிமன்றத்தில் 7க்கு 2 என்று தோற்றார்கள். சட்டத்தை மாற்ற முடியவில்லை, சரி, எழுதுகிறவர் அவரவர் பங்குக்குத் திறந்து வைக்கலாமே. அந்த வழியாவது மிஞ்சியது.

உரிமங்கள் இப்போது ஆறு. ஆறையும் நான் இங்கே விளக்கப் போவதில்லை. எல்லாம் நான்கு நிபந்தனைகளைக் கலந்து செய்தவைதான்: பெயரைச் சொல் (பிஒய்), மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிடு (எஸ்ஏ), வணிகத்துக்குப் பயன்படுத்தாதே (என்சி), மாற்றியதை வெளியிடாதே (என்டி). இவை தவிர எந்த நிபந்தனையும் வேண்டாம், மொத்தமாக விட்டுவிடுகிறேன் என்பவர்களுக்கு சிசி ஜீரோ (சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸின் சுருக்கம்). இதில் முதலிரண்டைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. மூன்றாவதும் நான்காவதும்தான் பலர் யோசிக்காமல் தேர்ந்தெடுத்துவிட்டு, தன்னை அறியாமலே மறுபடி பூட்டிக்கொள்ளும் இடம்.

என்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 'என் எழுத்தைச் சிதைக்கக் கூடாது' என்ற நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள். ஆனால் மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். என்டி போட்ட கட்டுரையை யாரும் உங்களைக் கேட்காமல் வேறு மொழியில் வெளியிட முடியாது. உங்களைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்க நீங்கள் இருக்கும் வரை சரி. தமிழ் மாதிரி மொழியில் படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, நமக்கு வரும் அறிவியலில் பெரும்பகுதி யாரோ மொழிபெயர்த்து வருவதுதானே.

அப்புறம் என்சி. என் முதல் படங்களை நானும் அதில்தான் போட்டேன். நான் இலவசமாகக் கொடுப்பதை இன்னொருவன் விற்றுக் காசு பார்ப்பதா என்ற எண்ணம். எல்லோருக்கும் வருவதுதான், அதில் தப்பும் இல்லை. ஆனால் நடந்தது என்ன? காசு பார்க்கிற பெரிய ஆட்கள் யாரும் என் படத்தைத் தேடி வரவில்லை. வந்தவர்கள் வேறு. பள்ளிகளுக்குப் பறவை அட்டவணை அச்சிட்டு அடக்க விலைக்குக் கொடுக்கும் ஒருவர், 'அடக்க விலைக்கு விற்றாலும் விற்பனைதானே, எதற்கு வம்பு' என்று என் படத்தை விட்டுவிட்டு வேறு படம் போட்டுக்கொண்டார். அதை அவரே பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விக்கிப்பீடியாவில் சேர்க்கலாம் என்று போனால் அங்கே என்சி படத்தை வாங்கவே மாட்டார்கள். விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்க 2004இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸில் என்சிக்கும் என்டிக்கும் இடமே கிடையாது. வணிகம் என்றால் எது என்பதிலும் எல்லை தெளிவாக இல்லை. அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற அமைப்பு கணிதப் பாடங்களை என்சி சேர்ந்த உரிமத்தில் வெளியிட்டது. பள்ளிகள் அதை ஃபெடெக்ஸ் கடையில் காசு கொடுத்து நகலெடுத்தன. நகலெடுத்த கடைக்கு லாபம் வந்ததே, அது வணிகம் இல்லையா என்று வழக்கு. பள்ளி தானே செய்யக்கூடிய நகலைக் கடைக்காரரிடம் கொடுத்துச் செய்துகொண்டால் உரிமம் மீறப்படவில்லை என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஒரு ஆசிரியர் நகலெடுக்கும் முன் இத்தனையையும் யோசிக்க வேண்டுமென்றால் பாதிப் பேர் யோசிக்கும்போதே விட்டுவிடுவார்கள். என்சிக்குப் பொருத்தமான இடமும் உண்டு. நைன் இன்ச் நெய்ல்ஸ் இசைக்குழு 2008இல் 36 இசைத் துண்டுகள் கொண்ட ஒரு தொகுப்பை என்சி சேர்ந்த உரிமத்தில் விட்டது, யாரும் சட்டப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். அப்படியும் அமேசானில் அந்த வருடம் அதிகம் விற்ற எம்பி3 தொகுப்பு அதுதான். விற்பதற்குக் கையில் பொருள் இருப்பவர்கள் என்சி போடுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. என்னிடம் விற்க என்ன இருந்தது?

நான் எல்லாவற்றையும் பிஒய்-எஸ்ஏவுக்கு மாற்றினேன். அதில் ஒரு படத்தின் கதையைச் சொல்கிறேன். தூக்கணாங்குருவிக் கூடு எல்லோரும் எடுப்பார்கள், ஆனால் முழுதாகக் கட்டி முடித்து நீளக் குழாய் தொங்குவதைத்தான் எடுப்பார்கள். ஆண் குருவி பாதி வரை கட்டிவிட்டு நிறுத்தும். வாசலும் குழாயும் இல்லாமல் தலைக்கவசத்தைக் கிளையில் மாட்டிவிட்ட மாதிரி தொங்கும். பெண் குருவி வந்து, உள்ளே நுழைந்து, நாரை இழுத்துப் பார்த்து, பிடித்தால்தான் மீதிக் கட்டுமானம். பிடிக்காவிட்டால் கூடு அப்படியே தொங்கும். அந்த அரைக் கூட்டுக்குள் பெண் குருவி தலையை விட்டுப் பார்க்கும் படம் ஒன்று எனக்கு அமைந்தது. மங்கலான வெளிச்சம், குருவியின் வால் கொஞ்சம் ஆடியிருக்கிறது, ஒன்றும் பெரிய படம் இல்லை. விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றிவிட்டு மறந்துபோனேன்.

இரண்டு வருடம் கழித்துத் தற்செயலாகப் பார்த்தால், எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு மொழியின் விக்கிப்பீடியாவில் அந்தப் படம் இருக்கிறது. அங்கிருந்து யாரோ அதைப் பார்த்து கோட்டோவியமாக வரைந்திருக்கிறார்கள். முதல் முடிச்சு, வளையம், அரைக் கூடு, முழுக் கூடு என்று நான்கு கட்டம். மூன்றாவது கட்டம் என் படம், வாலின் சாய்வு வரை அதேதான். படத்தில் ஆடிப்போயிருந்த வால் ஓவியத்தில் சுத்தமாக ஒரே கோட்டில் வந்திருந்தது. கீழே என் பெயரும், மற்ற மூன்று படங்களை எடுத்தவர்கள் பெயரும். எஸ்ஏ என்பதால் அவரும் அதை அதே உரிமத்தில்தான் விட்டிருந்தார். அதை நான் எடுத்து, எழுத்துகளை மட்டும் தமிழில் மாற்றி, குருவிகளைப் பற்றி நான் எழுதிய பதிவிலேயே போட்டேன். ஒருவரையொருவர் பார்த்ததில்லை, பேசியதில்லை, அனுமதி கேட்டு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. நான் கொடுத்தது ஒரு மங்கல் படம், எனக்குத் திரும்பி வந்தது நான் பிறவி எடுத்தாலும் வரைய முடியாத ஓவியம்.

அதே படத்துக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பத்திரிகை அதை எடுத்துப் போட்டு, கீழே 'படம்: இணையம்' என்று அச்சிட்டது. இதைத் தமிழில் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறோம்! இணையம் என்று ஒருவர் கேமராவோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாரா? கோபத்தில் நீளமாக எழுதி, அழித்து, நான்கு வரியில் மறுபடி எழுதினேன்: படம் என்னுடையது, இன்ன உரிமம், காசு வேண்டாம், பெயர் போடுங்கள். அடுத்த இதழில் பெயர் வந்தது. எனக்கு அது போதும். உரிமத்தின் 4.0 பதிப்பே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நிபந்தனையை மீறியவருக்கு உரிமை உடனே போய்விடும், ஆனால் தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் தானாகவே திரும்பி வந்துவிடும். பழைய பதிப்புகளில் இந்தத் தவணை இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு சிலர், பெயர் போட்ட விதத்தில் சின்னப் பிழை இருந்தாலும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பணம் பறிப்பதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். பகிர்வதற்கென்று வந்த ஒன்றைப் பொறியாக வைப்பது கேவலமான வேலை. புதிதாக உரிமம் போடுபவர்கள் 2013இல் வந்த 4.0 பதிப்பையே போடுங்கள்.

கொடுக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டியதும் இருக்கிறது. இந்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கு மனம் மாறினால் உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடலாம், ஆனால் அதற்குள் நகல் எடுத்தவர் தொடர்ந்து பயன்படுத்தலாம். உங்களுக்கு அறவே பிடிக்காத ஒருவர் உங்கள் கட்டுரையை மேற்கோளாகப் போட்டு உங்களுக்குப் பிடிக்காத எதையாவது நிறுவப் பார்க்கலாம். அவருக்கு நீங்கள் ஆதரவு என்பதுபோல் காட்டிக்கொள்ள உரிமம் இடம் தராது, பெயரை எடுத்துவிடச் சொல்லியும் கேட்கலாம். அவ்வளவுதான் முடியும், பயன்படுத்தவே கூடாது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, படத்தில் இருக்கும் மனிதர்கள். 2007இல் விர்ஜின் மொபைல் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் ஒரு விளம்பரம் செய்தது. ஃப்ளிக்கர் என்ற படம் பகிரும் தளத்தில் பிஒய் உரிமத்தில் இருந்த ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் படத்தை எடுத்து, அவளைக் கேலி செய்கிற மாதிரி ஒரு வாசகத்தைச் சேர்த்து நிழற்குடையில் ஒட்டினார்கள். அந்தப் பெண் இருந்தது அமெரிக்காவில். படம் எடுத்தவர் உரிமம் கொடுத்திருந்தார், பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. குடும்பம் வழக்குப் போட்டது, எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிப்பது என்ற கேள்வியிலேயே அது நின்றுபோனது. பதிப்புரிமை உங்களுடையதாக இருக்கலாம், இன்னொருவர் முகம் உங்களுடையது இல்லை. அதைப் படித்த நாளிலிருந்து குழந்தைகள் முகம் தெரியும் எந்தப் படத்தையும் நான் திறந்த உரிமத்தில் விடுவதில்லை. குருவிக்கும் குளவிக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

நம்மிடம்தான் நாட்டுடைமை இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல ஏற்பாடுதான். 1949இல் பாரதியின் பாடல் உரிமையை அரசு எடுத்துக்கொண்டு, பின்னால் அதை எல்லோருக்கும் பொதுவாக்கியதால்தான் இன்று யார் வேண்டுமானாலும் பாரதியை அச்சிடலாம், பாடலாம். அதற்கப்புறம் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமையாகியிருக்கின்றன. 1998 முதல் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றிவரும் மதுரைத் திட்டம் போன்றவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் நாட்டுடைமை ஆவது பெயர் பெற்றவர்களின் எழுத்து. புத்தகமே போடாத, கொல்லைப்புறத்தில் குளவியோடு உட்கார்ந்திருந்த ஒருவரை எந்த அரசு தேடி வரும்? அவர் மாதிரி ஆயிரம் பேர் இணையத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மருந்துச் செடிகளைப் பற்றி, பழைய ரேடியோ பழுது பார்ப்பதைப் பற்றி, கோலப் புள்ளிக் கணக்கைப் பற்றி. அவர்கள் எழுத்து பொதுவாக வேண்டுமென்றால் அவர்களே, உயிரோடு இருக்கும்போதே, ஒரு வரி எழுதினால்தான் உண்டு.

'திறந்து வைத்தால் செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்களே' என்பது இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி. அந்தக் கவலை நியாயமானதுதான், நீதிமன்றங்களில் வழக்குகள் நடக்கின்றன. ஆனால் பூச்சி சார் எந்த உரிமமும் போடவில்லை. அவர் தளம் திறந்திருந்த பதினோரு வருடத்தில் அள்ள வந்த இயந்திரம் எதையும் சட்டம் தானாகப் போட்ட அந்தப் பூட்டு நிறுத்தியிருக்காது. நின்றது அந்த ஆசிரியைதான்.

போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என்னுடைய 212 பதிவுகளிலும் அடியில் இதைச் சேர்த்தேன்: 'இந்தக் கட்டுரையை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியிடுகிறேன். என் பெயரையும் இந்தப் பக்கத்தின் முகவரியையும் குறிப்பிட்டு யாரும் நகலெடுக்கலாம், அச்சிடலாம், விற்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். மாற்றியதை இதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.' உரிமத்தின் பக்கத்துக்கு இணைப்பும் கொடுத்துவிட்டேன். இணைப்பு மட்டும் போதும்தான், ஆனால் படிக்கிறவர் சொடுக்கிப் பார்க்க மாட்டார், விற்கலாம் என்ற வார்த்தையைத் தமிழில் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தைரியம் வரும். நான் எடுக்காத படங்களுக்கு இந்த வரி செல்லாது என்பதால் ஒவ்வொரு படமாகத் திறந்து யார் எடுத்தது என்று பார்த்தேன். அதுதான் நேரம் பிடித்தது. சிலவற்றை எடுத்தே விட்டேன்.

மரங்கொத்தியைப் பற்றிய ஒரு பழைய பதிவில் நானே 'படம்: நண்பர்' என்று போட்டிருக்கிறேன். அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நல்ல வேளை, எனக்கு யாரென்று தெரியும். அன்று ராத்திரியே கூப்பிட்டேன்.

"அந்த மரங்கொத்தியா? எடுத்துக்கோடா, இதுக்குப் போய்க் கேக்கணுமா?"

"கேக்கணும். எழுதியும் கொடு."

"என்னன்னு எழுத?"

"மரங்கொத்தி படம் நான் எடுத்தது, சிசி-பிஒய்-எஸ்ஏ 4.0ல விடறேன்னு எழுது. உன் பேரை முழுசா எழுது."

பத்து நிமிடத்தில் செய்தி வந்தது. அதைத் திரைப்பிடிப்பு எடுத்துப் படத்தோடு சேர்த்து வைத்துவிட்டு, பதிவைத் திறந்து, 'நண்பர்' என்பதை அழித்து அவன் பெயரைப் போட்டேன். அப்புறம் பூச்சி சாரின் மகனுக்கு இன்னொரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன்.